நாற்பத்தெட்டா, எழுபத்திரண்டா

எனக்குச் சம்பளம் தருவது விற்பனை வேலைக்கு. ஆனால் நாள் முழுக்க நான் செய்வது தூது வேலை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சொன்னதைச் சொன்னபடியே சேர்த்தால் குடும்பம் தாங்காது. அதனால் வழியிலேயே கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் ஒட்டி, பூசி மெழுகித்தான் கொடுப்பேன். அதில் எனக்கு நல்ல கைராசி என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு பேர், என் அக்காவும் என் மனைவியும். மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி. சலவைக் கடைகளில் இருக்கும் பெரிய துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு மூளையாக இருக்கிற போர்டைத் தயாரிக்கும் சின்னக் கம்பெனி. போர்டை வரைந்து, சில்லுகளைப் பொருத்தி, கையில் கொடுப்பவள் அக்கா. அதில் ஓடும் மென்பொருளை எழுதுபவள் மனைவி. இரண்டையும் சேர்த்து யார் தலையிலாவது கட்டுவது நான். “எங்க ஆஃபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா, ரொம்பக் கெட்டிக்காரி, பேசாம கட்டிக்கோ” என்று இந்தப் பெண்ணை எனக்குப் பார்த்ததே அக்காதான். அதை இப்போது ஞாபகப்படுத்தினால் அக்காவுக்குக் கோபம் வரும்.

போன போர்டு வேலை செய்யாதபோது, “போர்டில் கோளாறு” என்று மனைவி ஆஃபீஸ் முழுக்க மெயில் அனுப்பினாள். “குறை சொல்லும் முன் அவரவர் எழுதியதை அவரவர் படிக்கவும்” என்று அக்கா அதே ஆஃபீஸ் முழுக்கப் பதில் அனுப்பினாள். வாசல் காவலாளிக்குக்கூட இரண்டு மெயிலும் போனது. கடைசியில் கோளாறு, சரியாகச் செருகாத ஓர் ஒயரில் இருந்தது. செருகாதது யார் என்பது அடுத்த சண்டை. அதோடு பேச்சு நின்றது.

நாங்கள் கீழ்வீடு, அக்கா மாடிவீடு. “உங்க அக்காகிட்ட சொல்லுங்க, எங்க பெரிய பாத்திரத்தை வாங்கிட்டுப் போனவங்க அப்படியே மறந்துட்டாங்களான்னு” என்பாள் மனைவி. நான் மாடி ஏறுவதற்குள் அது, “பாத்திரம் மெதுவா குடுத்தா போதுமாம்” என்று ஆகியிருக்கும். “அவளோட பாத்திரம் எனக்கு எதுக்கு, தேடி எடுத்துத் தூக்கிப் போடறேன்” என்பாள் அக்கா. கீழே இறங்குவதற்குள், “தேடிட்டிருக்காளாம்” என்று ஆகியிருக்கும். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலையில்தான் மனைவி குளியலறையில் வழுக்கி, கணுக்கால் பிசகி, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மதியம்தான் சலவைக்கடைக்காரர் புது போர்டைப் பார்க்க வருவதாக இருந்தது. ஊர் முழுக்கக் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பிடித்துவிட்டால் எல்லாக் கடைக்கும் எங்கள் போர்டுதான். பிடிக்காவிட்டால் என்ன என்பதை முதலாளி அக்காவிடம் நேராகவே சொல்லியிருந்தார்.

“இதுவும் ஓடலைன்னா, இனிமே ரெடிமேட் போர்டு வாங்கிக்கலாம்மா. நீங்க ரிப்பேர் செக்‌ஷனைப் பார்த்துக்கோங்க.”

போர்டு வரைவதைத் தவிர வேறு எதிலும் அக்காவுக்கு ஆசை இருந்ததில்லை. அவளை ரிப்பேர் மேசையில் உட்கார வைத்து, யாரோ வரைந்த போர்டில் யாரோ செய்த தப்பைச் சுரண்டச் சொன்னால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும்.

லேப் அறையின் மூலையில் ஆளுயர இயந்திரம் நின்றது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி அக்கா தன் போர்டை உள்ளே முடுக்கியிருந்தாள். கழுவும் தொட்டிக் குழாயிலிருந்து தரையோடு ஒரு ரப்பர் குழாய் வந்தது. துவைத்துக் காட்ட அழுக்குத் துணி வேண்டுமே என்று வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் நான் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்தேன். இதில் எனக்கு ஒரு சொந்த லாபமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஸ்விட்சைப் போட்டதும் திரை எரிந்தது. “தண்ணீர் அளவு தெரியவில்லை” என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். தண்ணீர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார் வாய் திறக்காததால், இயந்திரம் குழாயைத் திறக்கவே மறுத்தது.

“சென்சாரை மாத்தியிருக்கேன்னு அன்னிக்கே சொல்லி அனுப்பினேனே. அவ டிவைஸ் ட்ரீயில மாத்தலையா?” என்றாள் அக்கா.

சொல்லி அனுப்பியது உண்மைதான். “இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து பார்த்து மாத்தச் சொல்லு” என்பது அவள் சொன்னது. “அக்கா ஏதோ மாத்தியிருக்காளாம், சமயம் கிடைக்கும்போது பாரு” என்பது மனைவி கேட்டது. நான் தொலைபேசியை எடுத்தேன்.

எங்கள் லேபுக்குள் செல்பேசி கொண்டுபோகக் கூடாது, வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும். அங்கிருக்கும் கம்ப்யூட்டருக்கும் வெளியுலகத் தொடர்பு கிடையாது. முதலாளிக்கு வைரஸ் என்றால் பேய் பயம். இருப்பது சுருள் ஒயர் வைத்த பழைய மேசைத் தொலைபேசி ஒன்றுதான். அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்து ஒரு பக்கம் கோணிய நிலையில், நான் தட்டச்சுப் பலகை முன்னால் உட்கார்ந்தேன்.

“பயப்படாதீங்க, நான் சொல்லச் சொல்ல அடிங்க” என்றாள் மனைவி. “டிவைஸ் ட்ரீன்னா வேற ஒண்ணுமில்ல, போர்டுல எது எங்க இருக்குன்னு எழுதி வைச்ச ஒரு அட்டவணை. இயந்திரத்தை ஓட்டற லினக்ஸ் சாஃப்ட்வேருக்கு போர்டு கண்ணுக்குத் தெரியாது. அந்த அட்டவணையில இருக்கறதைத்தான் நம்பும். பழைய சென்சாரோட நம்பர், அதாவது அதோட விலாசம், அதுல இருக்கு. அங்க போய்க் கூப்பிட்டா யார் பதில் சொல்லுவாங்க?”

“அப்ப அட்டவணையை மாத்தி எழுதிடலாமே.”

“எழுதி போர்டுல ஏத்தற கருவி ஃபேக்டரியில இருக்கு. அது வர்றதுக்குள்ள உங்க ஆளு வந்துட்டுப் போயிடுவார். இப்ப வேற வழி. போர்டு எழுந்ததும் முதல்ல பூட்லோடர்னு ஒரு சின்ன புரோகிராம் ஓடும். அதுதான் அட்டவணையை மெமரிக்குக் கொண்டுவந்து, லினக்ஸை எழுப்பி, அது கையில குடுக்கும். நடுவுல ஒரு கீயைத் தட்டி பூட்லோடரை நிறுத்தறோம். மெமரியில இருக்கற காப்பியை மட்டும் திருத்தறோம். அப்புறம் லினக்ஸை எழுப்பறோம். கரண்ட் போனா திருத்தினது போயிடும், பரவாயில்ல.”

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஸ்விட்சை அணைத்துப் போட்டு, கீயைத் தட்டினேன். கறுப்புத் திரையில் கர்சர் சிமிட்டியது. லினக்ஸையும் அட்டவணையையும் மெமரிக்குக் கொண்டுவர ஒரு கமாண்ட் சொன்னாள். பிறகு அட்டவணை மெமரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பூட்லோடருக்குச் சொல்ல, fdt addr என்று அடித்துவிட்டு, எட்டு, மூன்று, பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள்.

“போன தடவை நீ அடிக்கும்போது முன்னால ஜீரோ எக்ஸ்னு ஏதோ போட்டியே?” என்றேன், விவரம் தெரிந்தவன்போல.

“அது பதினாறு பதினாறா எண்ணுற ஹெக்ஸ் கணக்குன்னு காட்டறதுக்கு. இங்க இடத்தோட நம்பருக்கு அது தேவையில்ல. தானாவே ஹெக்ஸாத்தான் எடுத்துக்கும்.”

நல்ல விஷயம், தேவையில்லாததை அடிக்க வேண்டாம் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

சென்சார் மேல் பொடியாக அச்சிட்டிருந்த எழுத்துகளை டார்ச் அடித்துப் படித்துச் சொன்னேன். வீட்டில் அவள் தன் கம்ப்யூட்டரில் அந்தச் சில்லின் விவரத்தைத் தேடும் சத்தம் கேட்டது. இதற்குள், பின்னால் தன் மேசையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

“நம்பர் எழுபத்திரண்டுன்னு சொல்லு.”

அதே நேரம் காதில் மனைவி. “கிடைச்சிடுச்சு. fdt set அடிச்சு, நான் சொல்ற பேரை அடிச்சு, நம்பருக்கு reg அடிச்சு, அடைப்புக்குள்ள ஜீரோ எக்ஸ் நாற்பத்தெட்டு.”

நான் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினேன். ஒரு பக்கம் எழுபத்திரண்டு, இன்னொரு பக்கம் நாற்பத்தெட்டு. “அக்கா வேற சொல்றாளே” என்று இங்கே சொன்னால் ஒரு சண்டை. “அவ வேற சொல்றாளே” என்று அங்கே சொன்னால் இன்னொரு சண்டை. இரண்டுக்கும் நடுவில் சலவைக்கடைக்காரர் வந்து நிற்பார். அக்காவிடம் சிரித்துத் தலையாட்டினேன். கல்யாணம் ஆனவன் எந்த எண்ணை அடிப்பானோ அதை அடித்தேன். தேவையில்லாத ஜீரோ எக்ஸை விட்டுவிட்டு, வெறும் 48.

எல்லாம் சரியாக முடிந்த சந்தோஷத்தில் நானாகவே boot என்று அடித்து என்டரைத் தட்டினேன். லினக்ஸ் எழுந்தது. “தண்ணீர் அளவு தெரியவில்லை.”

“boot அடிச்சீங்களா?” என்றாள் மனைவி. குரலில் பொறுமை நூலிழையில் தொங்கியது. “அதை அடிச்சா அது முதல்லேர்ந்து ஆரம்பிச்சு, பழைய அட்டவணையை எடுத்துட்டு வந்து நாம திருத்தினது மேலேயே கொட்டிடும். லினக்ஸ் எங்க இருக்கு, அட்டவணை எங்க இருக்குன்னு நாமளே சொல்லி எழுப்பணும். நான் சொல்றதுல நீங்களா எதையும் சேர்க்காதீங்க.”

சேர்க்கவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். இந்தத் தடவை அவள் சொன்ன நீளமான கமாண்டை, நடுவில் வரும் ஒற்றைக் கோட்டைக்கூட விடாமல் அடித்தேன். லினக்ஸ் எழுந்தது. “தண்ணீர் அளவு தெரியவில்லை.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “நம்பர் சரி, அட்டவணை சரி. அப்ப சென்சாரே சரியா ஒட்டலை. போர்டு பிரச்சனைதான். எப்பவும்போல.”

நான் திரும்பி, “அக்கா, அந்தச் சென்சாரை ஒரு தடவை லேசா பார்க்கலாமான்னு கேக்கறா” என்றேன்.

அக்காவை ஏமாற்ற முடியாது. “என் போர்டுல தப்புங்கறா, அதானே?” என்றாள். ஆனால் கோபம் வரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எழுந்து வந்து இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து, போர்டை டார்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். “இருக்கலாம்டா. நானே ஒட்டினது. எங்கேயாவது பிடிக்காம இருக்கலாம். கழட்டி மறுபடி ஒட்டறேன்.”

“கழட்டினா சரியாயிடுமா?”

“சூடு அதிகமானா சில்லு செத்துடும். வேற இல்ல, இது ஒண்ணுதான் கையில இருக்கு.”

சூடான காற்றடிக்கும் துப்பாக்கியை எடுத்து ஸ்விட்சைப் போட்டாள். உடனே அணைத்தாள், மறுபடி போட்டாள். கண்ணுக்குத் தெரியாத சில்லைக்கூடப் பேசிக்கொண்டே ஒட்டுகிற கை அது. தயங்கி நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. வெட்டவும் ஒட்டவும் தோன்றாமல், இருந்ததை இருந்தபடியே தொலைபேசியில் சொன்னேன்.

“அக்கா சென்சாரைக் கழட்டப் போறா. வேற சில்லு இல்ல. போச்சுன்னா அவளை ரிப்பேருக்குப் போகச் சொல்லிட்டார் முதலாளி. துப்பாக்கியைப் போட்டுப் போட்டு அணைக்கறாம்மா.”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

“ரிப்பேருக்கா? எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்றாள் மனைவி. பிறகு வேகமாக, “கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. நிறுத்தச் சொல்லுங்க. மறுபடி எல்லாத்தையும் அடிங்க. லினக்ஸை எழுப்பாம, fdt print போட்டு, அதுல வர்றதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க. ஒரு எழுத்து விடாம, நீங்களா எதையும் மாத்தாம.”

அக்கா துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அடித்தேன். வரிகள் வந்தன. reg இருக்கும் வரியைச் சத்தமாகப் படித்தேன்.

“ஜீரோ எக்ஸ், ஜீரோ, ஜீரோ, ஜீரோ, ஜீரோ, ஜீரோ, ஜீரோ, மூணு, ஜீரோ.”

“முப்பதா?” என்றது காதில் மனைவியின் குரல்.

“முப்பதா?” என்றாள் அக்கா பின்னாலிருந்து. “நான் எழுபத்திரண்டுன்னு சொன்னேனேடா.”

அது தொலைபேசியில் மனைவிக்கும் கேட்டுவிட்டது. “அண்ணி எழுபத்திரண்டுன்னா சொன்னாங்க? சரியாத்தானே சொல்லியிருக்காங்க.”

“நீ நாற்பத்தெட்டுன்னியே” என்றேன் பரிதாபமாக.

“ரெண்டும் ஒண்ணுதாங்க. ஹெக்ஸ் கணக்குல நாற்பத்தெட்டுன்னா, நாலு பதினாறும் ஒரு எட்டும். நம்ம கணக்குல எழுபத்திரண்டு. நீங்க என்ன அடிச்சீங்க, ஜீரோ எக்ஸ் போட்டீங்களா இல்லையா?”

“தேவையில்லன்னு நீதானே சொன்னே.”

“அது இடத்தோட நம்பருக்கு. அடைப்புக்குள்ள வர்றதுக்கு இல்ல. அங்க ஜீரோ எக்ஸ் இல்லாம நாற்பத்தெட்டுன்னு போட்டா, அது நம்ம வழக்கமான கணக்கு நாற்பத்தெட்டுன்னு எடுத்துக்கிட்டு, ஹெக்ஸ்ல முப்பதாக்கி வைச்சிடும். நான் சொன்னதுல ஏங்க வெட்டினீங்க?”

அக்கா சொன்ன எழுபத்திரண்டை அப்படியே அடித்திருந்தாலும் ஓடியிருக்கும். மனைவி சொன்ன ஜீரோ எக்ஸ் நாற்பத்தெட்டை அப்படியே அடித்திருந்தாலும் ஓடியிருக்கும். இரண்டு பேரும் சரி. நடுவில் இருந்த நான் மட்டும்தான் தப்பு. என் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா என் தோளிலிருந்து தொலைபேசியை உருவிக்கொண்டாள். அவள் முதலில் கேட்டது சென்சாரைப் பற்றி இல்லை.

“ஏம்மா, கால் எப்படி இருக்கு? வீங்கியிருக்கா?”

பதில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஆமாம்மா, நானும் அன்னிக்கு அந்த மெயிலை எல்லாருக்கும் அனுப்பியிருக்கக் கூடாது” என்றாள். பிறகு திடீரென்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அங்கேயும் சிரிப்பு என்பது அவள் சிரிப்பிலேயே தெரிந்தது. “எழுந்திரு, நான் அடிக்கறேன்” என்று என்னை நாற்காலியிலிருந்து கிளப்பினாள். அவள் விரல்கள் ஓடிய வேகத்தில் கமாண்டுகள் வந்து விழுந்தன. லினக்ஸ் எழுந்தது. குழாய் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் தண்ணீரை விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போர்வை மூட்டையை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றே? போய் அவரைக் கூட்டிட்டு வா” என்று அக்கா என்னை வெளியே துரத்தினாள். தொலைபேசியை அவள் வைக்கவே இல்லை.

சலவைக்கடைக்காரர் ஒடிசலான மனிதர். கைகுலுக்கும்போது என் சட்டைக் காலரைத்தான் பார்த்தார். தன் பங்குக்கு ஒரு பை அழுக்குத் துண்டுகள் கொண்டுவந்திருந்தார். எங்கள் போர்வைகளோடு அவற்றையும் போட்டு ஓட விட்டோம். அவர் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாகத் துணி உருள்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி ஏதேதோ பேசினார், கடைக்காரர் காதில் வாங்கவில்லை.

“நல்லா ஓடுது” என்றார் கடைசியில். “ஆனா தம்பி, எங்க கடையில கரண்ட் அடிக்கடி போகும்.”

சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல், குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

திரை செத்தது. துணிகள் தொப்பென்று அடியில் விழுந்தன. மெமரியில் திருத்தினது போயிடும் என்று மனைவி சொன்னது என் தலைக்குள் சுற்றியது. இனி இயந்திரம் எழுந்தால் பழைய அட்டவணைதான், பழைய வரிதான். கீயைத் தட்டி நிறுத்தி ஒவ்வொன்றாக அடிக்க அவர் காத்திருப்பாரா? “சார், இது வந்து, அதாவது” என்று சப்பைக்கட்டு கட்ட வாயெடுத்தேன். அவர் பிளக்கைத் திரும்பச் செருகினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கீபோர்டு பக்கம் போகவே இல்லை.

திரை எரிந்தது. எழுத்துகள் ஓடின. நின்றன. “விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது” என்று ஒரு வரி வந்தது. துணிகள் மறுபடி உருள ஆரம்பித்தன.

சலவைக்கடைக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். “எல்லாக் கடைக்கும் போட்டுடலாம்” என்று முதலாளியிடம் சொன்னார். “இந்த போர்டு யார் பண்ணினது?”

“நானும் என் தம்பி பொண்டாட்டியும்” என்றாள் அக்கா.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன். “எப்படி எழுந்துச்சு? மெமரியில இருந்தது போயிருக்கணுமே?”

“போச்சுதான். பூட்லோடருக்குன்னு சின்னதா ஒரு மூலை இருக்கு. எழுந்ததும் என்னென்ன பண்ணணும்னு அதுல நாலு வரி எழுதி வைச்சிடலாம், கரண்ட் போனாலும் இருக்கும். எழுந்ததும் அதுவே ட்ரீயைத் திருத்திக்கும். நீ வாசலுக்குப் போனப்ப அவ சொன்னா, நான் எழுதிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. செத்துப் பிழைச்சேன்.”

“சொல்லலாமான்னு கேட்டேன். வேண்டாம் அண்ணி, அவர்கிட்ட சொன்னா அவரா எதையாவது மாத்திடுவார்னா.”

சுருக்கென்றது. அதே நேரம், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டுவதைக் கேட்க மனசுக்கு அவ்வளவு நிம்மதியாகவும் இருந்தது. எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

தொலைபேசி அடித்தது. பழக்கத்தில் நான்தான் எடுத்தேன்.

“அண்ணி இருக்காங்களா?”

“ஆர்டர் கிடைச்சிடுச்சும்மா. என்ன விஷயம், எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிடறேன்.”

“இல்லங்க, நீங்க அவங்ககிட்டயே குடுங்க.”

கொடுத்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்தாள். ஆர்டரைப் பற்றிப் பேசினார்கள். காலைப் பற்றிப் பேசினார்கள். நான் துவைத்து முடித்த போர்வைகளை ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அக்காவின் குரல் மாறியது.

“எந்தப் பாத்திரம்? மெதுவா குடுத்தா போதும்னு நீ சொன்னதாத்தானே இவன் சொன்னான்.”

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“அப்படியா சொன்னே? சரி, நான் என்ன சொன்னதா உன்கிட்ட சொன்னான்?”

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஈரக் கூடையைத் தூக்கிக்கொண்டேன். போர்வை காய வெகுநேரம் ஆகும், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குக் கிளம்பினேன்.